இயக்குதளப் பதிப்புகள்: பெயர்களும் எண்களும்

இயக்குதளம் என்பது கணினியின் வன்பொருளையும் அதில் ஓடும் பயன்பாட்டு மென்பொருள்களையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருள் ஆகும். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் இதை இயக்க அமைப்பு என்று குறிப்பிடுகின்றன. விண்டோஸ், மேக் ஓஎஸ், உபுண்டு, பாஸ் லினக்ஸ், ஆண்ட்ராய்ட், ஐஓஎஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. எந்த இயக்குதளமும் ஒருமுறை எழுதி முடிக்கப்பட்டு அப்படியே நின்றுவிடுவதில்லை. பிழைகள் திருத்தப்படுகின்றன, புதிய வசதிகள் சேர்க்கப்படுகின்றன, பழையவை நீக்கப்படுகின்றன. அவ்வாறு மாற்றி வெளியிடப்படும் ஒவ்வொரு வடிவமும் ஒரு பதிப்பு. அதை அடையாளம் காட்டும் எண் பதிப்பெண்; அதற்கு இடப்படும் தனிப்பெயர் குறிப்பெயர்.

மதுரை பழங்காநத்தத்தில் உள்ள ஒரு கணினி பழுதுபார்க்கும் கடைக்கு மடிக்கணினியைக் கொண்டுசென்றால், "என்ன ஓஎஸ் போட்டிருக்கு?" என்பதுதான் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்றாக இருக்கும். "விண்டோஸ்" என்று மட்டும் சொன்னால் அது பதிலாகாது. எந்த விண்டோஸ் என்பதைப் பொறுத்தே அச்சுப்பொறி வேலை செய்யுமா, வங்கியின் இணையதளம் திறக்குமா, பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வருகின்றனவா என்பதெல்லாம் அமையும். நோயாளியின் வயதைக் கேட்காமல் மருந்து எழுத முடியாது என்பது போன்றதே இது.

தமிழ் இலக்கணம் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இரண்டாகப் பிரிக்கிறது. இயக்குதளங்களுக்கும் இந்தப் பகுப்பு நன்றாகவே பொருந்துகிறது. உபுண்டு 24.04 என்பது காரணப்பெயர். அந்த எண்ணிலேயே அது வெளியான ஆண்டும் மாதமும் அடங்கியுள்ளன. விஸ்டா என்பது இடுகுறிப்பெயர். அந்தச் சொல்லைக் கேட்டு அது எத்தனையாவது விண்டோஸ் என்று எவராலும் ஊகிக்க முடியாது. விண்டோஸ் 7 எந்த வகை என்று முடிவு செய்வது சற்றுக் கடினம். அதன் காரணம் பின்னர் விளக்கப்படுகிறது.

புள்ளி இருந்தாலும் தசம எண் அன்று

மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பதிப்பெண்ணில் வரும் புள்ளி தசமப் புள்ளி அன்று என்பதே. கணக்கு வகுப்பில் 4.10 என்பதும் 4.1 என்பதும் ஒன்று, 4.9 அதைவிடப் பெரியது. பதிப்பெண்ணில் அப்படியில்லை. 4.9-க்கு அடுத்து 4.10 வரும், அதற்கடுத்து 4.11 வரும். புள்ளி என்பது இரண்டு முழு எண்களைப் பிரிக்கும் கோடு மட்டுமே. பாடநூலில் பாடம் 4, பகுதி 10 என்று சொல்வதைப் போல. ஆப்பிள் நிறுவனத்தின் கணினி இயக்குதளம் 2013-இல் 10.9 என்று வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்தது 10.10. அதை 10.1 என்று படித்த சில நிரல்கள், இது பதின்மூன்று ஆண்டுப் பழைய பதிப்பு என்று நினைத்துக்கொண்டன. மனிதர் செய்யும் பிழையை நிரலும் செய்யும், நிரலை எழுதுபவர் மனிதர்தானே.

பொதுவாகப் பதிப்பெண் மூன்று பகுதிகளைக் கொண்டது. முதல் எண் முதன்மை எண். பெரிய மாற்றம் நிகழும்போது கூடும். இரண்டாவது துணை எண்; புதிய வசதிகள் சேரும்போது கூடும். மூன்றாவது திருத்த எண். பிழைகளைக் களைந்து வெளியிடும்போது கூடும். முதன்மை எண் கூடினால் மற்ற இரண்டும் பூச்சியத்துக்குத் திரும்பும். இது ஏட்டில் உள்ள முறை. நடைமுறையில், எது பெரிய மாற்றம், எது சிறிய மாற்றம் என்பதைத் தயாரிப்பவரே முடிவு செய்கிறார். அந்த முடிவில் பொறியாளரைக் காட்டிலும் விற்பனைப் பிரிவின் குரல் ஓங்கி ஒலித்த காலங்கள் உண்டு.

லினக்ஸின் கெர்னல் எனப்படும் உட்கரு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு காலத்தில் அதன் துணை எண் இரட்டைப்படையாக இருந்தால் அது நிலையான பதிப்பு (2.4, 2.6), ஒற்றைப்படையாக இருந்தால் சோதனைப் பதிப்பு (2.5) என்ற ஒழுங்கு இருந்தது. 2.6 வந்த பிறகு அந்த ஒழுங்கு கைவிடப்பட்டது. 2.6.39 வரை எண் வளர்ந்து சென்றது. 2011-இல் லினக்ஸ் பிறந்து இருபது ஆண்டுகள் ஆனதையொட்டி, லினஸ் டோர்வால்ட்ஸ் அடுத்ததற்கு 3.0 என்று எண்ணிட்டார். உள்ளே புரட்சிகரமான மாற்றம் ஏதும் இல்லை. எண் பெரிதாகிவிட்டது, அவ்வளவே. அதன் பின் 4.0 (2015), 5.0 (2019), 6.0 (2022) ஆகியவையும் இதே போக்கில் வந்தன. எண்ணுவதற்குக் கைவிரல், கால்விரல் போதவில்லை என்று அவரே வேடிக்கையாகக் காரணம் சொல்வதுண்டு. ஆனால் 2.6 என்று தொடங்காத எண்ணைக் கண்டு குழம்பிய பழைய நிரல்களுக்காக, 3.0 தன்னை 2.6.40 என்று சொல்லிக்கொள்ளும் ஒரு வசதியை உட்கருவில் சேர்க்க வேண்டியிருந்தது.

பழைய எண், புதிய எண்: விண்டோஸ்

தமிழக நகரங்களின் தெருக்களில் கதவிலக்கம் எழுதும்போது "பழைய எண் 12, புதிய எண் 27" என்று இரண்டையும் எழுதும் வழக்கம் உண்டு. புதிய எண் தபால்காரருக்கு. பழைய எண் பத்திரத்துக்கும் பட்டாவுக்கும். விண்டோஸின் பதிப்பெண்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உவமை கிடைக்காது. அதற்கும் கடையில் சொல்லும் எண் ஒன்று, உள்ளே பதிந்துள்ள எண் வேறொன்று.

1985-இல் விண்டோஸ் 1.0 வெளிவந்தபோது இரண்டும் ஒன்றாகவே இருந்தன. 1992-இல் வந்த 3.1 வரை அப்படித்தான். 1993-இல் என்.டி. என்ற தனி வரிசையை மைக்ரோசாப்ட் தொடங்கியது. அதன் முதல் பதிப்பே என்.டி. 3.1 என்று எண்ணிடப்பட்டது; 1.0, 2.0 என்று அவ்வரிசையில் எதுவும் கிடையாது. வழக்கமான விண்டோஸோடு ஒத்த எண்ணாக இருக்கட்டும் என்று அப்படி வைத்தார்கள். 1995-இல் ஆண்டைப் பெயராக்கும் முறை வந்தது. விண்டோஸ் 95-இன் உள்ளெண் 4.0. விண்டோஸ் 98-இன் உள்ளெண் 4.10, 2000-ஆம் ஆண்டில் வந்த எம்.இ. பதிப்பின் உள்ளெண் 4.90. அதே ஆண்டில் வந்த விண்டோஸ் 2000 என்.டி. வரிசையைச் சேர்ந்தது, அதன் உள்ளெண் 5.0. அதைத் தொடர்ந்து 2001-இல் எக்ஸ்.பி. வந்தது: உள்ளெண் 5.1. 2007-இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விஸ்டாவின் உள்ளெண் 6.0.

2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வெளியானது. இது ஏழாவது தலைமுறை என்பதால் 7 என்று பெயரிட்டதாக மைக்ரோசாப்ட் விளக்கியது. அப்படியானால் உள்ளெண் 7.0 என்று இருக்க வேண்டும். ஆனால் 6.1 என்றே வைத்தார்கள். இங்கேதான் எண்ணிடுதல் ஒரு பொறியியல் சிக்கலாக மாறுகிறது.

எக்ஸ்.பி. காலத்தில் எழுதப்பட்ட நிரல்கள் பல, நிறுவப்படும்போது "இது எக்ஸ்.பி. அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸ்தானா?" என்று சோதித்தன. எக்ஸ்.பி.யின் உள்ளெண் 5.1. ஆகவே நிரலர்கள் பலர், முதன்மை எண் 5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், துணை எண் 1 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்று இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க எழுதினார்கள். பார்த்தால் சரி போலத் தோன்றும். விஸ்டா வந்தபோது குட்டு வெளிப்பட்டது. அதன் எண் 6.0. முதன்மை எண் 6, சோதனையில் தேர்ச்சி. துணை எண் 0; சோதனையில் தோல்வி. எக்ஸ்.பி.க்கு ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்த விஸ்டாவில், "எக்ஸ்.பி. அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸ் தேவை" என்று சொல்லி அந்த நிரல்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 7-க்கு 7.0 என்று உள்ளெண் கொடுத்திருந்தால் அதே கதை மீண்டும் நடந்திருக்கும். 6.1 என்று கொடுத்ததால் தவறாக எழுதிய சோதனையும் தேர்ச்சி பெற்றது. பிழையைத் திருத்த முடியாதபோது பிழைக்கு ஏற்ப எண்ணை அமைத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம். நிரலாக்கம் படிக்கும் மாணவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே, இரு பகுதி எண்ணை எப்படி ஒப்பிட வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளலாம்: முதலில் முதன்மை எண்ணை ஒப்பிட வேண்டும், அது சமமாக இருந்தால் மட்டுமே துணை எண்ணைப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 8-இன் உள்ளெண் 6.2, 8.1-இன் உள்ளெண் 6.3. அடுத்து 9 வரவில்லை. 2014 செப்டம்பரில் விண்டோஸ் 10 அறிவிக்கப்பட்டது. 95, 98 ஆகியவற்றை அடையாளம் காண "விண்டோஸ் 9" என்று பெயர் தொடங்குகிறதா என்று பல பழைய நிரல்கள் பார்ப்பதால் 9 தவிர்க்கப்பட்டது என ஒரு பேச்சு பரவியது. அவ்வாறு எழுதப்பட்ட நிரல்வரிகள் உண்மையிலேயே இருந்தன. ஆனால் அதுதான் காரணம் என்று மைக்ரோசாப்ட் அறிவித்ததில்லை. ஆகவே தேர்வில் அதை விடையாக எழுதுவது சரியன்று. விண்டோஸ் 10-இல் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒருவழியாகச் சமமாயின: உள்ளெண் 10.0. அந்த ஒற்றுமை நெடுநாள் நீடிக்கவில்லை. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் உள்ளெண் இன்றும் 10.0தான். பில்டு எண் எனப்படும் அடுத்த பகுதி 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது 11 என்று கொள்ள வேண்டும்.

பாஸ் லினக்ஸ்: சென்னையில் பிறந்த பதிப்புகள்

இந்தியாவுக்கான இயக்குதளமாக உருவாக்கப்பட்ட பாஸ் லினக்ஸ், சி-டாக் எனப்படும் உயர்நிலைக் கணினி வளர்ச்சி மையத்தின் சென்னைக் கிளையில் உருவானது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. முதல் பதிப்பு 2007-இன் தொடக்கத்தில் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியபோது, அம்மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டது. கணினியைத் திறந்ததும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் திரையைக் கண்ட மாணவர்கள் மதுரை மாவட்டத்திலும் ஏராளம். அவர்களுள் பலர் இரண்டாவதை ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

பாஸின் ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் ஒரு குறிப்பெயர் உண்டு. தரங், அனந்த், தேஜஸ், சவிர், அனோகா, அனூப், த்ருஷ்டி, உன்னதி, ஊர்ஜா, ப்ரக்யா என்பன 1 முதல் 10 வரையிலான பதிப்புகளின் பெயர்கள். எல்லாம் வடமொழியிலிருந்தோ இந்தியிலிருந்தோ எடுக்கப்பட்டவை. சென்னையில் உருவானதற்குத் தமிழ்ப் பெயர் ஒன்றுகூட அமையவில்லையே என்ற குறை தமிழ் வாசகருக்குத் தோன்றுவது இயல்பு. எனினும் இவற்றில் சில தமிழுக்குப் புதியவை அல்ல. தரங் என்றால் அலை. தரங்கம்பாடி என்ற ஊர்ப்பெயரில் உள்ள தரங்கம் இதுவே. உன்னதி என்பதற்கு உன்னதம் உறவு. ப்ரக்யா என்பது பிரக்ஞை. த்ருஷ்டி என்றால் பார்வை. ஆனால் தமிழகத்தில் திருஷ்டி என்றதும் பார்வை நினைவுக்கு வராது. வாசலில் உடைக்கும் பூசணிக்காய்தான் நினைவுக்கு வரும். ஒரு மொழியில் நல்ல பெயராக இருப்பது அடுத்த மொழியில் வேறு பொருள் தருவது, பெயர் வைப்போர் எதிர்கொள்ளும் பழைய சிக்கல்.

பாஸின் பெயர்கள் அகர வரிசையிலும் இல்லை, வேறு எந்த வரிசையிலும் இல்லை. எனவே அனோகா முந்தியதா அனூப் முந்தியதா என்று பெயரை வைத்துச் சொல்ல இயலாது. எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அனோகா 5.0, 2013-இல் வந்தது. அனூப் 6.0. உன்னதி 8.0, 2019-இல் வந்தது, ஊர்ஜா 9.0, 2021-இல்.

அனோகா வந்த சமயம் தமிழ்நாட்டுக்கு முக்கியமானது. 2014 ஏப்ரல் 8-ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அரசு அலுவலகங்களில் அப்போது எக்ஸ்.பி. கணினிகள் நிறைய இருந்தன. அதற்கு முந்தைய மாதமே, பாஸ் லினக்ஸைப் பயன்படுத்துமாறு தமிழக அரசு தன் துறைகளை அறிவுறுத்தியது. ஓர் இயக்குதளத்தின் ஆதரவு முடியும் நாள் ஒரு மாநில அரசின் முடிவையே தீர்மானிக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

நாள், பொம்மை, நாற்பத்திரண்டு

பதிப்பெண்ணில் மிகத் தெளிவானது உபுண்டுவின் முறை. ஆண்டின் கடைசி எண்கள், பின்பு புள்ளி, பின்பு மாதம். முதல் பதிப்பு 2004 அக்டோபரில் வந்ததால் 4.10. ஏப்ரலிலும் அக்டோபரிலும் என ஆண்டுக்கு இரண்டு வரும். 2006-இல் ஏப்ரலுக்குள் வேலை முடியவில்லை. ஜூன் வரை தள்ளிப்போயிற்று. எண்ணும் 6.04 என்பதிலிருந்து 6.06 ஆயிற்று. தாமதத்தை எண்ணிலேயே ஒப்புக்கொள்ளும் நேர்மை இந்த முறைக்கு உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருவது நெடுங்கால ஆதரவுப் பதிப்பு. அதற்கு ஐந்து ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஏற்றது அதுவே. குறிப்பெயர்கள் ஓர் அடைமொழியும் ஒரு விலங்கின் பெயருமாக, ஆங்கில அகர வரிசையில் அமைபவை. 2017-இல் கடைசி எழுத்தை எட்டியதும் மீண்டும் முதல் எழுத்துக்குத் திரும்பினார்கள்.

டெபியனின் பெயர்கள் டாய் ஸ்டோரி என்ற திரைப்படத்தின் பொம்மைகளிலிருந்து வந்தவை. பெயரிடத் தொடங்கிய காலத்தில் அத்திட்டத்தின் தலைவராக இருந்த புரூஸ் பெரென்ஸ் அப்படத்தைத் தயாரித்த பிக்சர் நிறுவனத்தில் பணியாற்றினார். எப்போதும் சோதனை நிலையிலேயே இருக்கும் பதிப்புக்கு, படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவனான சிட் என்பவனின் பெயர். பொருத்தமான காரணப்பெயர். டெபியனில் 1.0 என்ற பதிப்பு இல்லை. முழுமை பெறாத ஒரு வடிவத்தை ஒரு குறுந்தகடு வெளியீட்டாளர் 1.0 என்று தவறாக அச்சிட்டு விற்றுவிட்டார். அதனோடு குழப்பம் வரக்கூடாது என்பதற்காக, உண்மையான முதல் பதிப்பு 1996 ஜூனில் 1.1 என்று வெளியிடப்பட்டது.

எண் கூடிக்கொண்டேதான் செல்லும் என்ற நம்பிக்கையையும் உடைத்தது சூசே லினக்ஸ். தமிழகப் பள்ளிகளுக்கு எல்காட் நிறுவனம் வாங்கித் தந்த கணினிகள் மூலம் ஆசிரியர் பலருக்கு அறிமுகமான பெயர் இது. அதன் சமூகப் பதிப்பான ஓப்பன்சூசே 13.2-இலிருந்து 2015-இல் 42.1-க்குத் தாவியது. 42.3 வரை சென்று, 2018-இல் 15.0 என்று இறங்கியது. நிறுவனங்களுக்கு விற்கும் சூசேயின் எண்ணும் இதன் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இறக்கத்துக்குக் காரணம். 15 என்பது 42-ஐவிடப் புதியது என்று யாருக்கும் எளிதில் புரியவைக்க முடியாது.

ஆப்பிளின் கதை சுருக்கமானது. 2001 முதல் 2020 வரை முதன்மை எண்ணைப் பத்திலேயே நிறுத்தி வைத்திருந்தது. பின்பு ஆண்டுக்கு ஒன்றாக 11, 12 என்று ஏற்றியது. 2025-இல் கைபேசி, கணினி என எல்லா இயக்குதளங்களுக்கும் வரவிருக்கும் ஆண்டைக் குறிக்கும் 26 என்ற ஒரே எண்ணைச் சூட்டியது. ஐஓஎஸ் 18-க்கு அடுத்தது ஐஓஎஸ் 26 ஆனது அப்படித்தான்.

இனிப்புப் பெயர்களும் நெய்யப்பமும்

கூகுளின் ஆண்ட்ராய்ட் 2009-இல் 1.5 பதிப்பிலிருந்து இனிப்புகளின் பெயர்களைத் தாங்கி வந்தது. கப்கேக், டோனட், எக்லேர், ஃப்ரோயோ என ஆங்கில அகர வரிசையில் அவை அமைந்தன. கிட்காட், ஓரியோ போன்ற வணிகப் பெயர்களும் இடம்பெற்றன. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை கூகுளின் தலைமை நிர்வாகியான பின், 2015 டிசம்பரில் தில்லியில் கல்லூரி மாணவர்களைச் சந்தித்தார். இந்திய இனிப்பின் பெயர் ஏன் இல்லை என்று அங்கே கேட்கப்பட்டது. தன் தாயிடம் யோசனை கேட்பதாகவும், இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தலாம் என்றும் அவர் பதிலளித்தார். அடுத்த ஆண்டு என் எழுத்தின் முறை வந்தது. கூகுள் பொதுமக்களிடம் பெயர் கேட்டது. கேரளத்தவர் நெய்யப்பம் என்ற பெயருக்குச் சமூக ஊடகங்களில் பெரும் ஆதரவு திரட்டினர். இறுதியில் வைக்கப்பட்டது நூகட். மதுரைக்காரர் தலைமையில் இருந்தும் தென்னாட்டுப் பலகாரம் ஒன்று இடம்பெறாதது பலருக்கு ஏமாற்றமே.

2019-இல் இனிப்புப் பெயர்களைப் பொதுவழக்கிலிருந்து கூகுள் நீக்கியது. ஆண்ட்ராய்ட் 10 என்று எண் மட்டும் வந்தது. சொன்ன காரணங்கள் கவனிக்கத்தக்கவை. சில மொழிகளில் ல, ர ஒலிகளைப் பேச்சில் பிரித்தறிய இயலாது; ஆகவே லாலிபாப் என்ற பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. பை என்பது சில நாடுகளில் இனிப்பே அன்று. மார்ஷ்மெல்லோவைப் பலர் கண்டதில்லை. முதல் காரணம் தமிழருக்குப் பொருந்தாது. மூன்றாவது நன்றாகவே பொருந்தும்: பழங்காநத்தத்துப் பாட்டி ஒருவருக்கு மார்ஷ்மெல்லோவுக்கு அடுத்தது நூகட் என்று சொல்வதைவிட, 6-க்கு அடுத்தது 7 என்று சொல்வது எளிது. உள்வட்டத்தில் இனிப்புப் பெயர்கள் இன்னும் தொடர்கின்றன. ஆண்ட்ராய்ட் 13-க்கு டிராமிசு, 15-க்கு வெனிலா ஐஸ்கிரீம்.

கைபேசியில் இன்னும் ஒரு குழப்பம் உண்டு. தயாரிப்பாளர்கள் ஆண்ட்ராய்டின் மேல் தங்கள் முகப்பை ஏற்றி, அதற்குத் தனியாக எண்ணிடுகிறார்கள். சாம்சங்கின் ஒன் யூஐ 6 என்பது ஆண்ட்ராய்ட் 14-இன் மேல் அமைந்தது. "எனது கைபேசியில் 6தான் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அது எந்த 6 என்று கேட்டுத் தெளிய வேண்டும். 2023 அக்டோபர் முதல் ஆண்ட்ராய்ட் 5-க்குக் கீழ் உள்ள கைபேசிகளில் வாட்ஸ்அப் நின்றுபோனபோது, வீட்டுப் பெரியவர்களிடம் இந்த விசாரணை நடக்காத தெரு இருந்திருக்காது.

தமிழ் தெரிவதும் பதிப்பெண்ணைப் பொறுத்தது

ஒருங்குறித் தமிழை விண்டோஸ் முறையாகக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000-இல். லதா என்ற எழுத்துரு அதனோடுதான் வந்தது. விண்டோஸ் 98-இல் தமிழ் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தால், அப்பக்கத்துக்கென்றே தனி எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. எக்ஸ்.பி.யில் வசதி உண்டு, ஆனால் உறங்கிக்கொண்டிருக்கும்: மொழி அமைப்புகளுக்குச் சென்று ஒரு கட்டத்தில் குறியிட்டு, நிறுவல் குறுந்தகட்டையும் போட்டால்தான் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமரும். விஸ்டாவில் இது தானாகவே அமைந்திருந்தது. ஆண்ட்ராய்டின் 2-ஆம் வரிசைக் கைபேசிகள் பலவற்றில் தமிழ்ச் செய்தி வெறும் கட்டங்களாகத் தெரிந்ததைப் பலரும் நினைவுகூர்வர்.

தட்டச்சிலும் இதே நிலை. ஒலிபெயர்ப்பு முறையில் தமிழைத் தட்டும் விசைப்பலகை விண்டோஸ் 10-இலேயே உள்ளது என்று கேள்விப்பட்டுத் தேடி, கிடைக்காமல் சலித்தவர்கள் உண்டு. அது விண்டோஸ் 10-இன் எல்லா வடிவங்களிலும் இல்லை. 1903 என்ற பதிப்பிலிருந்துதான் உண்டு. 1903 என்பது 2019-ஆம் ஆண்டின் மூன்றாம் மாதத்தைக் குறிப்பது, நூறாண்டுக்கு முந்தைய ஆண்டை அன்று. 2020-இல் இதே முறைப்படி 2004 என்ற பதிப்பு வந்து, அது ஆண்டுதான் என்று பலரை எண்ண வைத்தது. அதன் பின் 20எச்2, 22எச்2 என ஆண்டின் முற்பாதி, பிற்பாதி முறைக்கு மாறினார்கள். ஆக, "விண்டோஸ் 10" என்ற பெயரின் கீழ் ஒரு டசனுக்கும் மேற்பட்ட பதிப்புகள் ஒளிந்துள்ளன.

ஆதரவு முடியும் நாள்

பதிப்பெண்ணைத் தெரிந்துகொள்வதால் கிடைக்கும் முதன்மையான பயன் பாதுகாப்பு. ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் உண்டு. விண்டோஸ் 7-இன் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. அந்த நாளுக்குப் பிறகும் கணினி ஓடும். அதனாலேயே ஆபத்து தெரிவதில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படா என்பது ஒன்று. பிற மென்பொருள்களும் ஒவ்வொன்றாகக் கைவிடும் என்பது மற்றொன்று. குரோம் உலாவியின் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-க்கான வரிசை முடிந்தது. அதன் பின் புதிய இணையதளங்கள் சரிவரத் திறக்காமல் போகத் தொடங்கின. விண்ணப்பம் அனுப்பும் கடைசி நாளில் பக்கம் திறக்காமல் தவிக்கும் மாணவர், குற்றம் இணைய இணைப்பில் என்று நினைத்து இரவு முழுவதும் காத்திருப்பார்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் திருத்த நிலை வேறாக இருக்கலாம். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களின் ஊராட்சி அலுவலகக் கணினிகளும் அதில் சிக்கின. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் மைக்ரோசாப்ட் வெளியிட்டிருந்தது. உலகளவில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவை, ஆதரவு அப்போது முடிந்திராத விண்டோஸ் 7 கணினிகளே. திருத்தத்தை நிறுவிய விண்டோஸ் 7 தப்பியது; நிறுவாத விண்டோஸ் 7 அகப்பட்டது. கடையில் சொல்லும் பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான்.

விண்டோஸ் 10-இலிருந்து 11-க்குச் செல்ல எல்லாக் கணினிகளாலும் முடியாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் தேவை. 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் இத்தகுதியை எட்டா. அவற்றில் கணினி இன்னும் நன்றாக இருந்தால், எடை குறைந்த லினக்ஸ் வகையொன்றின் தற்போதைய பதிப்பை நிறுவிப் பயன்படுத்துவதே வழி. அதில் ஏற்கெனவே உள்ள பழைய பாஸ் லினக்ஸைத் திறந்து பயன்படுத்தினால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அதன் ஆயுளும் விண்டோஸ் 7-ஐப் போலவே முடிந்துவிட்டது.

பதிப்பைக் கண்டறியும் வழி எளிது. விண்டோஸில், விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் ஒருசேர அழுத்தி, தோன்றும் பெட்டியில் வின்வெர் என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டினால் பெயர், பதிப்பு, பில்டு எண் மூன்றும் ஒரே சாளரத்தில் தெரியும். உபுண்டு, பாஸ் ஆகியவற்றில் அமைப்புகளில் உள்ள "பற்றி" என்ற பகுதியைத் திறக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளின் கடைசியில் "ஃபோன் பற்றி" என்று இருக்கும். அங்கே ஆண்ட்ராய்ட் எண்ணும், அதன் கீழே பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியும் தனித்தனியே காணப்படும். பயன்படுத்திய கைபேசியை விலைக்கு வாங்குவோர் பெரும்பாலும் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள். இரண்டாவதில் உள்ள தேதி இரண்டு, மூன்று ஆண்டுகள் பழையதாக இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வங்கிக் கணக்கை அந்தக் கைபேசியில் திறக்கும் முன் யோசிக்க வேண்டும்.